ஒரு கோடிப் படங்களும் என் கல்யாண வீடியோவும்

எந்தப் பொருளை வாங்கப் போனாலும் அதைக் காலால் ஒரு தட்டு தட்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்பா லாரி வைத்திருந்தார். நாமக்கல்லில் லாரிக்காரர் வீட்டுப் பிள்ளை நடக்கப் பழகுவதே டயரை உதைத்துப் பார்ப்பதற்குத்தான். டயரில் ஆரம்பித்த அந்தப் பழக்கம் வளர்ந்து பீரோ, ஃபிரிட்ஜ், கட்டில் என்று எல்லாவற்றையும் பதம் பார்த்தது. பெண் பார்க்கப் போன வீட்டில் எனக்குப் போட்ட நாற்காலியையும் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். (அந்த வீட்டுப் பெண்தான் என் மனைவி கோகிலா. அவளுடைய நினைவாற்றலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

பழக்கம் மட்டும் இருந்திருந்தால் பெரிய கெடுதல் இல்லை. ஒரு தட்டு தட்டிவிட்டால் அந்தப் பொருளைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்கிற நம்பிக்கையும் கூடவே வளர்ந்துவிட்டது. அந்த நம்பிக்கையால் இன்னொருவருடைய மூன்று வருட உழைப்பைப் பாழாக்கப் பார்த்தேன். சிரிப்பாகச் சொல்லிச் சொல்லி எனக்கே பழகிவிட்ட கதைதான். ஆனாலும் நடுவில் ஓர் இடம் வரும்போது இன்றைக்கும் என் குரல் கொஞ்சம் இறங்கும்.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் சாலையில் சற்று உள்ளே தள்ளியிருந்த கோழி நோய் ஆராய்ச்சிக்கூடத்தில் கணினிப் பொறுப்பாளராக இருந்தேன். பொறுப்பாளர் என்றால் பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் கூப்பிடப்படும் ஆள். பண்ணைக்காரர்கள் சேர்ந்து நடத்திய சிறிய கூடம் அது. அங்கே நஸ்ரின் என்ற கால்நடை மருத்துவர் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். சேலத்துக்காரர். அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அங்கே மொத்த முட்டைக் கடை. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். என்னை அண்ணா என்பார், நான் அவரை டாக்டர் என்பேன்.

நஸ்ரின் செய்த வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மூச்சுக்குழல் நோய் வந்த கோழி தும்மத் தொடங்குவதற்குச் சில நாள் முன்பே அதன் குழலின் உட்சுவர் லேசாகத் தடித்துப் போகிறதாம். அந்தத் தடிப்பை முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டால் ஒரு கொட்டகைக் கோழிகளையே காப்பாற்றிவிடலாம். அதற்காக அவர் மெல்லிசாகச் சீவிய சதைத் துண்டுகளைக் கண்ணாடிச் சில்லுகளில் ஒட்டி, கேமரா பொருத்திய நுண்ணோக்கியில் வைத்து, ஒவ்வொரு சில்லையும் துளித் துளியாகப் படம் எடுத்தார். ஒரு சில்லுக்கே ஆயிரக்கணக்கான படங்கள். மூன்று வருடத்தில் ஒரு கோடிக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றும் காலையில் நம் சித்தப்பா அனுப்பும் பூப்போட்ட வணக்கப் படத்தின் அளவுகூட இராது.

இந்த ஒரு கோடியையும் ஒரு மென்பொருள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். எங்கள் பழைய கணினியில் அதற்குப் பதினைந்து நாள் ஆகும். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான். பல்கலைக்கழகத்தில் அவர் தன் முடிவுகளைக் குழுவின் முன் வைக்க வேண்டிய தேதி குறித்தாகிவிட்டது. அவர் ஒரு திங்கட்கிழமை அந்த வேலையை ஓடவிட்டார். முடிந்த பிறகு எழுத ஆறு நாள் மிச்சம் இருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

அதே சமயத்தில்தான் கூடத்துக்கு ஒரு புதிய ஸ்டோரேஜ் வாங்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது. எல்லாருடைய கணினிகளும் கேபிள் வழியாக வந்து சேரும் ஒரு பொது அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வைப்பதும் எடுப்பதும் மின்னல் வேகத்தில் நடக்க வேண்டும். தேர்ந்தெடுக்கும் பொறுப்பை இயக்குநர் என்னிடம் கொடுத்தார். பிரிண்டர்க்காரனுக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் வரும் என்று யார் கண்டது? அன்று வீட்டுக்குப் போகும்போது என் மோட்டார் சைக்கிளே சற்று உயரமாகிவிட்டதுபோல் இருந்தது.

மறுநாளே சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு சாலையில் மாடியில் இருந்த ஒரு கணினிக் கடைக்குப் போனேன். வீடு பக்கத்தில் என்பதால் நஸ்ரினும் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். கடைக்காரர் நிதானமானவர். இரண்டு பெட்டிகளைக் காட்டினார். ஒன்று பன்னிரண்டு ஹார்டு டிஸ்க்குகளும் நீல விளக்குகளுமாக, பக்கத்தில் நின்றால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற உணர்வைக் கொடுத்தது. அடியில் சக்கரங்கள் வேறு. இன்னொன்று சின்னது. உள்ளே சுழல்கிற தட்டு எதுவும் கிடையாது, எல்லாம் செல்போனில் இருப்பது போன்ற மின்னணுச் சில்லு நினைவகம். சத்தமே இல்லை, டிபன் கேரியர் மாதிரி மூலையில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

இரண்டையும் காலால் தட்டினேன். சின்னது நகர்ந்தது. பெரியது அசையவில்லை. என்னைப் பொறுத்தவரை தேர்வு அங்கேயே முடிந்துவிட்டது. (கடைக்காரர் அவசரமாகக் குனிந்து சின்னப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.)

"சார், உங்க லோடு எப்படிங்க சார்? பெருசு பெருசா கொஞ்சம் போகுமா, சின்னச் சின்னதா நெறைய போகுமா?" என்று கேட்டார் அவர்.

"அதென்னுங்க, எப்படிப் போனாலும் மொத்தம் ஒண்ணுதானுங்களே? பத்து டன்னுன்னா பத்து டன்னு" என்றேன் நான்.

முட்டை லோடையும் மணல் லோடையும் ஒரே மாதிரி ஏற்ற முடியாது, ஒரே மாதிரி ஓட்டவும் முடியாது என்பது எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன் வாயிலிருந்துதான் இந்த வாக்கியம் வந்தது.

"அண்ணா, என் ஃபைல் எல்லாம் ரொம்பக் குட்டிக் குட்டியா இருக்கும். அதை வச்சு ஒரு தடவை..." என்று நஸ்ரின் ஆரம்பித்தார்.

"டாக்டர், அதையெல்லாம் நான் பாத்துக்கறனுங்க" என்றேன்.

அவர் ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கைப்பையில் கொண்டுவந்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. பாதி வெளியே எடுத்தவர், நான் சொன்னதைக் கேட்டுத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார். அந்தக் கை உள்ளே போனது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பணிவு என்று நினைத்துக்கொண்டேன்.

சோதனைக்குப் பெரிய ஃபைல் ஒன்று வேண்டுமே என்று யோசித்தேன். என் லேப்டாப்பில் இருந்ததிலேயே பெரியது என் கல்யாண வீடியோ. நான்கு மணி நேரம் ஓடும் ஒரே ஃபைல். ஆகாயத்திலிருந்து எடுத்தது, ஜேடர்பாளையம் அணையருகே கல்யாணத்துக்கு முன் எடுத்தது, பந்தியில் மாமாக்கள் ரசம் குடிப்பது என்று ஒரு காட்சியையும் விடாமல் படம்பிடித்திருந்தார்கள். எங்கள் பழைய கணினியில் அதை நகலெடுக்க முக்கால் மணி நேரம் ஆகும். பெரிய பெட்டியில் போட்டேன். ஒன்றரை நிமிடம்! கடைக்காரர் கொடுத்த தேநீர் ஆறக்கூட இல்லை. என் லேப்டாப்பில் நகலெடுக்கும் மென்பொருளில் 'முடிந்ததும் திற' என்று ஒரு கட்டம் இருந்தது. படம் பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக அதில் ஒரு டிக் போட்டு வைத்தேன். டிக் போட்டவன் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நஸ்ரினிடம் போனேன். கதையில் குரல் இறங்கும் இடம் இதுதான்.

"டாக்டர், அந்தப் பழைய டப்பால ஓட்டறத நிறுத்திப்போடுங்க. புதன்கிழமை தொறப்பு விழா. புதுசுல போட்டு நாலு கம்ப்யூட்டர்ல ஒண்ணா ஓட்டிரலாம். ரெண்டே நாள்ல உங்களுக்கு ரிசல்ட்டு."

"நாலு நாள் ஓடியிருச்சுண்ணா. நிறுத்தினா மறுபடி முதல்லேருந்துதான்."

"நான் சொல்றனுங்களே."

 அவர் கணினி பக்கம் திரும்பி நிறுத்தினார். என்மேல் நம்பிக்கை வைத்து ஒருவர் செய்த காரியம் அது. எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. 

புதன்கிழமை முற்பகலில் திறப்பு விழா. பண்ணைக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். கோகிலாவும் பட்டுப்புடவை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பண்ணையாளர் சங்கத் தலைவர் சிறப்பு விருந்தினர். மேடையேறியதும் அவர் முதலில் பெட்டியின் அடியைத்தான் குனிந்து பார்த்தார்.

"சக்கரம் இருக்குதுங்களே, எலுமிச்சம்பழம் வெச்சீங்களா சாமி?"

வைத்திருந்தோம். நான்கு சக்கரத்துக்கும் நான்கு பழம். புது வண்டி எடுத்தால் இது எங்கள் கை தானாகச் செய்கிற காரியம். தலைவரே பெட்டியை முன்னால் தள்ளினார். மூன்று பழம் நசுங்கியது. நான்காவது நழுவி உருண்டு, முன்வரிசையில் கோகிலாவின் காலடியில் போய் நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். கோகிலா அதை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். (வீணாக்க மாட்டாள்.)

நான் ஒலிபெருக்கியைப் பிடித்தேன். "மூணு வருசத்து ஆராய்ச்சி, ஒரு கோடிப் படம். இப்ப உங்க கண்ணு முன்னாலயே புதுப் பொட்டிக்குள்ள போகப்போகுதுங்க" என்று அறிவித்துவிட்டு, நஸ்ரினின் ஹார்டு டிஸ்க்குகளை இணைத்துப் பொத்தானை அழுத்தினேன். பின்னால் பெரிய திரையில் மென்பொருள் மிச்சமுள்ள நேரத்தைக் கொட்டை எழுத்தில் காட்டத் தொடங்கியது.

ஏழு நாட்கள்.

தொடக்கத்தில் அப்படித்தான் காட்டும் என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தேன். ஒன்பது நாட்கள் என்றது. இன்னும் கொஞ்சம் சிரித்தேன். பதினோரு நாட்கள் என்று வந்து அங்கேயே நின்றுவிட்டது. முட்டைக்காரர்களுக்கு நாள் கணக்கு நன்றாகத் தெரியும்.

"பதினோரு நாளுங்களா? அதுக்குள்ள கோழி மறுபடியும் தும்மிரும்" என்றது ஒரு குரல். அரங்கம் முழுக்கச் சிரிப்பு.

இயக்குநர் என்னைப் பார்த்தார்.  பெட்டியில் கோளாறு இல்லை, வேகமானதுதான் என்று எப்படியாவது நிரூபித்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் மண்டையில் ஓடியது. நிரூபிக்க என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. நகலெடுப்பதை நிறுத்திவிட்டு, லேப்டாப்பிலிருந்து கல்யாண வீடியோவை எடுத்து இழுத்துப் போட்டேன். ஒன்றரை நிமிடம். "பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று கத்தினேன்.

'முடிந்ததும் திற' என்ற அந்த டிக் தன் கடமையைச் செய்தது.

திரை முழுக்கக் காவிரி. ஜேடர்பாளையம். ஒலிபெருக்கியில் புல்லாங்குழல். தண்ணீரோரமாக நான் கறுப்புக் கண்ணாடியும் பட்டு வேட்டியுமாக, இரண்டு கைகளையும் விரித்து, காற்றில் மிதப்பது போல மெதுவாக, மிக மெதுவாக ஓடி வருகிறேன். தலைமுடி ஒவ்வொன்றாக எழும்பி ஒவ்வொன்றாக அடங்குகிறது. எதிரே கோகிலா கையில் ஒரு வெள்ளைப் புறாவுடன் நிற்கிறாள். (புறா வாடகைக்கு வந்தது. பறக்க மறுத்துவிட்டது.)

சங்கத் தலைவர் ஒலிபெருக்கியை என் கையிலிருந்து வாங்கினார்.

"ஏனுங் தம்பி, பொட்டி அத்தனை வேகம்னு சொன்னீங்க. ஆளு என்னுங்க இத்தனை மெதுவா ஓடறீங்க?"

நிறுத்தப் பார்த்தேன். அவசரத்தில் வேறு பொத்தானை அழுத்தியதில் சத்தம்தான் கூடியது. அதற்குள் படம் ஓடி மண்டபத்துக்கு வந்துவிட்டது. கூட்டத்தில் பாதிப்பேர் எங்களுக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தம். "அட, கண்ணால வீடியோவுங்களா! அதா பாரு நம்ம பெரிய மாமா, அப்ப நல்லா இருந்தாப்ல," "எங்க ஊட்டுக்காரரு எங்க, பந்தியில இருப்பாரு பாரு" என்று ஆளுக்கொரு பக்கம் தங்கள் முகத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். நான் நிறுத்தியபோது "ஏனுங்க நிறுத்தறீங்க, ஓடட்டுமுங்க" என்று கேட்டவர்களும் உண்டு. முன்வரிசையில் கோகிலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பதறினேன். கிட்டப் போனால் சிரித்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாலே தேவலை என்று இருந்தது.

இதுவரை எல்லாருக்கும் சிரிப்புதான், எனக்கும்கூட. ஆனால் பின்சுவர் ஓரமாக நின்றிருந்த நஸ்ரின் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அவர் குழுவின் முன் நிற்க இன்னும் பன்னிரண்டு நாள். பழைய கணினியில் திரும்பத் தொடங்கினால் பதினைந்து நாள். புதுப் பெட்டிக்குள் போய்ச் சேரவே பதினோரு நாள். எந்த விரலில் முடித்தாலும் கணக்கு உதைத்தது.

விழாவுக்கு வருபவர்களுக்கு எங்கள் பக்கத்தில் தாம்பூலப் பையோடு முட்டையும் கொடுப்போம். அட்டைக்கு முப்பது முட்டை, குடும்பத்துக்கு ஓர் அட்டை. வாசலில் நின்று அதைக் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு. இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பொறுப்பிலிருந்து யாரும் என்னை விடுவிக்கவில்லை. வாங்கிய ஒவ்வொருவரும் "நல்லா ஓடுனீங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நஸ்ரின் வந்து பக்கத்தில் நின்று அட்டைகளை எடுத்து எடுத்துக் கொடுத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே கேட்டேன்.

"டாக்டர், உங்க ஃபைலு எப்படித்தானுங்க இருக்கும்?"

அந்தக் கேள்வியை அஸ்தம்பட்டியில் கேட்டிருக்க வேண்டும். பத்து நிமிட வேலை.

அவர் பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொரு படமும் தனித்தனி ஃபைல். ஒவ்வொன்றுக்கும் பெட்டி ஒருமுறை பெயர் கேட்கும், இடம் தேடும், கதவைத் திறக்கும், மூடும். படம் உள்ளே போவது கண் சிமிட்டும் நேரம்தான். கதவைத் திறந்து மூடுவதில்தான் நாள் போகிறது. கோடி தடவை. சத்தமில்லாத அந்தச் சின்னப் பெட்டியில் இந்தத் திறந்து மூடும் வேலை சட்டென்று நடக்கும் என்று எங்கோ படித்து, அன்றைக்கு அதைச் சோதித்துப் பார்க்கத்தான் டிஸ்க்கைக் கொண்டுவந்தாராம்.

சொல்லிக்கொண்டே வந்தவர், கையிலிருந்த அட்டையை நீட்டியவாறு அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணா, இந்த முட்டையை ஒவ்வொண்ணா கையில குடுத்துட்டிருந்தா இந்தக் கூட்டம் எப்பக் கலையும்?"

"நாளைக்கும் கலையாதுங்க."

"எங்க அத்தா கடையில யாரும் முட்டையை ஏத்தறதில்லண்ணா. அட்டையைத்தான் ஏத்துவாங்க."

இருவரும் அந்த அட்டையையே பார்த்தோம். வாங்க வந்த பெரியம்மா, "குடுப்பீங்களா, இல்ல பாத்துட்டே இருப்பீங்களா?" என்று கேட்டுப் பிடுங்கிக்கொண்டு போனார்.

ஒரு கண்ணாடிச் சில்லின் படங்கள் அத்தனையையும் கட்டி ஒரே ஃபைலாக்குவது, அந்தக் கட்டை அப்படியே பெட்டிக்கு அனுப்புவது, அங்கே தரம் பிரிக்கும் மென்பொருள் கட்டை அவிழ்க்காமல் உள்ளிருந்தே படங்களைப் படிப்பது. இதுதான் அன்று பிற்பகல் நாங்கள் போட்ட திட்டம். பெரிய பெட்டி கட்டுகளை என் கல்யாண வீடியோவை விழுங்கியது போலவே விழுங்கியது. ஆனால் கட்டுவதற்கு நாள் பிடித்தது. மென்பொருளை அதற்கேற்ப மாற்றி எழுத நஸ்ரினுக்கு மூன்று நாள் ஆனது. நான் பிரிண்டர் பக்கமே போகாமல் அவர் சொன்ன வேலையை மட்டும் செய்தேன். ஒரு தடவைகூட "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லவில்லை.

கடைசியில் அவர் ஜெயித்துவிட்டார் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. இரண்டு வருடத்துப் படங்களுக்குத்தான் முடிவு வந்தது. மூன்றாம் வருடத்துப் படங்கள் இருந்த டிஸ்க் பழையது, மந்தமானது. அதைக் கட்டி முடிப்பதற்குள் தேதி வந்துவிட்டது. இரண்டு வருட முடிவோடு போய் நின்றார். குழு பாராட்டியது. மூன்றாம் வருடத்தையும் சேர்த்துக்கொண்டு மறுபடி வரச் சொன்னது. அவருடைய பட்டம் ஐந்து மாதம் தள்ளிப்போனது. நான் அந்த வெள்ளிக்கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தால் பழைய கணினியே எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்திருக்கும்.

ஒரு நாள் அவரிடம் போய், "என்னாலதானுங்க டாக்டர், மன்னிச்சிருங்க" என்றேன்.

"விடுங்கண்ணா. நானும்தான டிஸ்க்கைத் திரும்பப் பையில வச்சேன்" என்றார்.

திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். அவருடைய ஆய்வேடு அச்சாகி வந்தபோது ஒரு பிரதி கொடுத்தார். நன்றிப் பக்கத்தில் என் பெயரும் இருந்தது. பேராசிரியர்களுக்கு வழிகாட்டியமைக்கு நன்றி, அத்தாவுக்கும் அம்மாவுக்கும் பொறுத்துக்கொண்டமைக்கு நன்றி. எனக்கு? 'என் கோப்புகள் எப்படி இருக்கும் என்று கேட்டமைக்கு.' எப்போது கேட்டேன் என்பதை அவர் எழுதவில்லை. அந்தப் பெருந்தன்மைதான் இன்றுவரை என்னைக் கூச வைக்கிறது.

கூடத்தில் இப்போதும் எந்தக் கருவி வந்தாலும் நஸ்ரினின் பழைய குட்டிப் படங்களில் ஒரு லட்சத்தைப் போட்டுத்தான் முதலில் சோதிக்கிறோம். வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்ட அவர், அங்கே ஏதாவது வாங்கும்போது எனக்கு போன் செய்து, "அண்ணா, உங்க கல்யாண வீடியோ ஒரு காப்பி அனுப்புறீங்களா?" என்று கேட்பார்.

வீட்டில் கேட்கவே வேண்டாம். நான் எதையாவது உறுதியாகச் சொன்னால் போதும். மழை வராது என்றாலும் சரி, மேட்டூருக்கு இந்த வழிதான் குறுக்கு என்றாலும் சரி, கோகிலா ஒரே கேள்விதான் கேட்பாள்: "கண்ணால வீடியோவ வெச்சுப் பாத்துட்டீங்களா?" என் மகளும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

போன மாதம் வீட்டு மிக்ஸி பழசாகிவிட்டது என்று எனக்குப் பட்டது. தினமும் காலையில் சமையலறையிலிருந்து அது விட்டு விட்டு ஓடும் சத்தம் கேட்கும். கொஞ்சம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும், நிற்கும். மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டி, கோகிலாவைக் கடைக்குக் கூட்டிப் போனேன். இருந்ததிலேயே பெரிய மிக்ஸியைக் காட்டச் சொல்லி ஒரு தட்டு தட்டினேன். (மேசை மேல் இருந்ததால் கையால்.) அசையவில்லை.

"ஏனுங்க, இத்தனை பெருசு எதுக்குங்க? நம்ம கண்ணால வீடியோவ அரைக்கறதுக்குங்களா?" என்றாள் கோகிலா. கடைக்காரருக்குப் புரியவில்லை. என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நானும் சிரித்தேன். பிறகு, ஏதோ தோன்றி, "சரி, நீ தினமும் என்னதான் அரைக்கறே?" என்று கேட்டேன்.

அவள் விளையாட்டாகக் கேட்கிறேனா என்று ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"எங்களுக்குச் சட்னி அதும்பாட்டுக்கு அரஞ்சுருங்க. உங்களுக்குத்தான் வயித்துப் புண்ணு, மொளகா ஆகாதே. உங்களுக்குன்னு தனியா ஒரே ஒரு கை தேங்கா போட்டு அரைக்கோணும். நம்ம ஊட்டுப் பெரிய ஜார்ல ஒரு கை எங்கீங்க நிக்கும்? ஓரத்துல போயி ஒட்டிக்கும். நிறுத்தி நிறுத்தி, கரண்டிக் காம்புல தள்ளித் தள்ளித்தான் அரைக்கோணும்."

"எப்ப இருந்து?"

"கண்ணாலம் ஆனதுல இருந்துதானுங்க."

கடைக்காரரிடம் பெரியதை உள்ளே வைத்துவிட்டு, இருக்கிறதிலேயே சின்ன ஜார் எது என்று காட்டச் சொன்னேன். இத்தனை வருடமாகத் தினமும் காலையில் செய்தித்தாளோடு உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். மிக்ஸிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.